ஜியோபாண்டாஸ்: லேயர் மேல் லேயர் போட ஓசியில் ஒரு நல்ல கத்தி

சென்னையின் 200 வார்டுகளில் எதற்குள் எவ்வளவு ஏரி, குளம் இருக்கிறது என்று பார்க்கத்தான், வரைபடத் தரவை அலசும் பைத்தான் நூலகமான ஜியோபாண்டாஸை இறக்கினேன். அதுவரை கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் மெனு மெனுவாகத் தட்டிக்கொண்டிருந்தவன், ஒரு லேயர் (வரைபடத்தின் ஒரு அடுக்கு) மாறினால் மறுபடி முதலிலிருந்து. பைத்தானில் இதே வேலை பத்து வரிகூட இல்லை. வார்டுக் கோப்பையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தின் நீர்நிலைகளையும் படித்து, லேயர்களை ஒன்றன்மேல் ஒன்று வைக்கும் ஓவர்லேயில், பொதுவான பகுதியை மட்டும் எடுக்கும் இன்டர்செக்‌ஷன் என்று கொடுத்தால், எல்லை தாண்டிக் கிடக்கும் ஏரி வார்டுக்கு ஒரு துண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு துண்டும் தன் வார்டு எண்ணோடு வந்து நிற்கிறது.

முதல் நாள் எனக்கு வந்தது என்னவோ காலி அட்டவணை! ஒரு கோப்பின் ஆயத்தொலைவுகள் டிகிரியில், இன்னொன்று மீட்டரில். எச்சரிக்கை காட்டியிருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. எச்சரிக்குமே தவிர தானாக மாற்றித் தராது. இரண்டையும், சென்னைக்குப் பொருந்தும் மீட்டர் கணக்கு ஆயமுறையான இபிஎஸ்ஜி 32644-க்கு மாற்றினேன், சரியாகிவிட்டது, பரப்பளவும் சதுர மீட்டரில் வந்தது.

அப்புறம் சில்லுகள். இரண்டு லேயர்களின் கோடுகளும் அச்சாகப் பொருந்தாத இடங்களில் நூல் மாதிரி துண்டுகள் கிடக்கும், 10 சதுர மீட்டருக்குக் கீழானதை எல்லாம் தூக்கிப் போட்டேன். தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும் பலகோணங்களைச் சரிசெய்ய மேக்வேலிட் என்ற கட்டளை இருக்கிறது.

உள்ளே வடிவக் கணக்குகளைச் செய்யும் ஷேப்லி நூலகத்தின் 2.0 பதிப்புக்குப் பிறகு வேகத்திலும் குறையில்லை. ஆனால் எல்லாவற்றையும் ரேமில்தான் ஏற்றும், நாடு முழுக்க அலசுவதென்றால் வரைபடத் தரவுக்கான தரவுத்தள நீட்சியான போஸ்ட்ஜிஐஎஸ் பக்கம் போய்விடுங்கள்.