டென்வரின் கஞ்சா விற்பனையகம்: வலிக்கு மருந்து தேடிச் செல்பவர்களுக்காக ஒரு மதிப்பீடு

கொலராடோ மாநிலத்தின் தலைநகரான டென்வரில், அரசு உரிமம் பெற்ற ஒரு கஞ்சா விற்பனையகத்துக்கு என் அக்காவின் கணவரோடு சென்று வந்தேன். முதுகெலும்பு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு எழுதிக் கொடுக்கப்பட்ட ஆக்சிகோடோன் என்ற வலுவான வலிநிவாரணி மாத்திரையை விட முடியாமல் தவித்துக்கொண்டிருந்த அத்தான், "சட்டப்படியே கஞ்சா கிடைக்கும் ஊரில் இருந்துகொண்டு இந்த மாத்திரையோடு நான் ஏன் மல்லுக்கட்ட வேண்டும்?" என்று கேட்டதுதான் காரணம். அதே கேள்வியோடு இத்தகைய கடைகளுக்குள் நுழையும் வலி நோயாளிகளும் அவர்களுடைய வீட்டாரும் அங்கே என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும் என்று இதை எழுதுகிறேன். கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை. நான் சொல்லப்போகும் குறை அந்த ஒரு கடைக்கு மட்டும் உரியதன்று.

அமெரிக்காவில் வாழும் தமிழர்களுக்கு ஓர் எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மாநிலச் சட்டம் அனுமதித்தாலும் கூட்டாட்சிச் சட்டம் இத்தகைய விற்பனையை அனுமதிக்கவில்லை. குடியேற்ற அதிகாரிகள் பார்ப்பது கூட்டாட்சிச் சட்டத்தைத்தான். மாநிலத்தில் குற்றமாகாத கஞ்சாப் பயன்பாடும் குடியுரிமைக்குத் தேவையான நன்னடத்தையைப் பாதிக்கக்கூடும் என்று குடியேற்றத் துறை 2019 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டுதல் வெளிப்படையாகவே கூறுகிறது. எச்1பி விசாவில் இருப்பவர்களும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் குடியேற்ற வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்காமல் இந்தக் கடைகளின் படியேறவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அத்தான் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர் என்பதால்தான் நாங்கள் சென்றோம்.

கொலராடோ மக்கள் 2012 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கினார்கள். 2014 ஜனவரி 1 அன்று பெரியவர்களுக்கான சில்லறை விற்பனை தொடங்கியது. அதன் பிறகு உருவான ஒழுங்குமுறை கடையின் ஒவ்வொரு மூலையிலும் தெரிகிறது. வாசலிலேயே அடையாள அட்டையைக் கேட்டு வாங்கி, 21 வயது நிறைந்திருப்பதைச் சரிபார்த்த பிறகே அடுத்த கதவைத் திறக்கிறார்கள். உள்ளே வெளிச்சம் நன்றாக இருக்கிறது. வரிசை ஒழுங்காக நகர்கிறது. யாரும் யாரையும் அவசரப்படுத்துவதில்லை. கடன் அட்டை செல்லாது என்பதால் ரொக்கம் கொண்டுபோக வேண்டும். கூட்டாட்சிச் சட்டத்துக்கு அஞ்சிப் பெரும்பாலான வங்கிகள் இந்த வணிகத்தை விட்டு விலகியே நிற்பதால் வந்த நிலை இது.

பொட்டலத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையில் எனக்கு மிகவும் நிறைவளித்தது அதுதான். அத்தான் வாங்கியது கம்மி எனப்படும் மென்மிட்டாய். குழந்தைகள் எளிதில் திறக்க முடியாத மூடி, ஒவ்வொரு மிட்டாயின் மேலும் அழுத்தப்பட்ட எச்சரிக்கைச் சின்னம், ஒரு வேளைக்கான அளவில் 10 மில்லிகிராமுக்கு மேல் டி.எச்.சி. (கஞ்சாவில் போதை தரும் பொருள்) இல்லை, முழுப் பொட்டலத்திலும் 100 மில்லிகிராமைத் தாண்டவில்லை என்று எல்லாமே மாநில விதிப்படி அமைந்திருந்தன. விலங்கு, மனிதன், பழம் ஆகியவற்றின் வடிவில் இந்த மிட்டாய்களைச் செய்யக்கூடாது என்று 2017 அக்டோபர் முதல் அங்கே தடை இருக்கிறது. வீட்டில் சிறு பிள்ளைகள் இருப்பவர்களுக்கு இந்த விதியின் அருமை புரியும். உண்ணும் கஞ்சா வேலை செய்யத் தொடங்க அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை ஆகலாம் என்பதையும் உறையில் அச்சிட்டிருந்தார்கள். "ஒன்றும் தெரியவில்லையே" என்று இரண்டாவது மிட்டாயையும் விழுங்கிவிட்டு, பிறகு நெஞ்சு படபடக்க, தலை சுற்ற, அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போகிறவர்கள் உண்டு என்பதால் இந்த ஒரு வரி மிக முக்கியமானது. புதியவர்களுக்கு ஒரு முழு மிட்டாய்கூட அதிகம். பாதியோ கால்பாகமோ போதும்.

குறை விற்பனையாளரிடம் பேசியபோது தொடங்கியது. பட்டெண்டர் என்று அழைக்கப்படும் அந்த இளம்பெண் மிகுந்த பரிவோடு பேசினார். வலி எங்கே, தூக்கம் எப்படி, பகலில் வேண்டுமா, இரவில் வேண்டுமா, எந்தச் சுவை பிடிக்கும் என்றெல்லாம் கேட்டார். வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. அத்தானே முன்வந்து ஆக்சிகோடோன் மாத்திரையைப் பற்றிச் சொன்னார். அதற்கு அவர், "எங்கள் வாடிக்கையாளர்கள் பலர் இதைச் சாப்பிட ஆரம்பித்ததும் அந்த மாத்திரையையே தூக்கிப் போட்டுவிட்டார்கள்" என்றார். நல்லெண்ணத்தோடு சொன்னார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஓபியாய்டுக்கு, அதாவது ஆக்சிகோடோன் போன்ற அபின் வகை வலிமருந்துக்கு, பழகிப்போன ஓர் உடலிடம் சொல்லக்கூடிய மிக ஆபத்தான அறிவுரைகளில் இதுவும் ஒன்று.

இத்தகைய அறிவுரை ஒரு கடையின் தனிப்பட்ட பழக்கமுமன்று. கொலராடோவின் 400 கஞ்சா விற்பனையகங்களுக்கு, கருவுற்ற தொடக்க மாதங்களில் குமட்டலால் அவதிப்படும் பெண்ணைப் போல் ஆய்வாளர்கள் தொலைபேசியில் பேசிப் பார்த்தார்கள். ஏறக்குறைய 70 விழுக்காடு கடைகள் கஞ்சாப் பொருளைப் பரிந்துரைத்தன என்று 2018-இல் வெளியான அந்த ஆய்வு கூறியது. விற்பனைக்குப் பயிற்சி பெற்றவர்களிடம் மருத்துவம் கேட்டால் விற்பனைதான் பதிலாக வரும்.

அத்தானின் மாத்திரைக் குப்பியை நான் பலமுறை கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். அரை வெளிச்சம் ஊடுருவும் ஆரஞ்சு நிறக் குப்பி, அதன் மேல் தூக்கக் கலக்கம் வரலாம் என்றும் மதுவோடு சேர்க்க வேண்டாம் என்றும் எச்சரிக்கும் சிறு ஒட்டுத்தாள்கள். உடல் இந்த மருந்துக்கு எவ்வளவு விரைவாகப் பழகிவிடும் என்பதை அந்த ஒட்டுத்தாள்கள் சொல்வதில்லை. முதல் மருந்துச் சீட்டில் ஒரு நாளைக்கேனும் ஓபியாய்டு எழுதிக் கொடுக்கப்பட்டவர்களில் ஓராண்டு கழித்தும் அதைத் தொடர்ந்தவர்கள் 6 விழுக்காடு. 8 நாள் அல்லது அதற்கு மேல் கொடுக்கப்பட்டவர்களில் 13.5 விழுக்காடு, 31 நாள் அல்லது அதற்கு மேல் என்றால் ஏறக்குறைய 30 விழுக்காடு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 2017-இல் வெளியிட்ட கணக்கு இது. தொடர்கிறவர்கள் எல்லோரும் அடிமையானவர்கள் அல்லர் என்றாலும், கதவு எத்தனை எளிதாகத் திறக்கிறது என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

இந்தக் கதவை அகலத் திறந்துவைத்ததில் மருந்து வணிகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஆக்சிகோடோனின் ஒரு வணிகப் பெயரான ஆக்சிகோன்டின் 1996-இல் சந்தைக்கு வந்தபோது, நோயாளிகள் அடிமையாவது மிக அரிது என்று மருத்துவர்களை நம்பவைத்தார்கள். அதற்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்பட்ட சான்றுகளில் ஒன்று, 1980-இல் ஒரு மருத்துவ இதழுக்கு எழுதப்பட்ட ஐந்தே வாக்கியங்கள் கொண்ட ஒரு கடிதம். அது மருத்துவமனையில் படுத்திருந்த நோயாளிகளைப் பற்றியது. வீட்டுக்குப் போய் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குகிறவர்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆக்சிகோன்டினைத் தயாரித்த பர்டூ நிறுவனம் 2007-இலும் மீண்டும் 2020-இலும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. கலிபோர்னியா மக்கள் வாக்களித்து மருத்துவக் கஞ்சாவை அனுமதித்ததும் அதே 1996-இல்தான். ஒரு பொருளை "பாதுகாப்பானது, இயற்கையானது, அடிமைப்படுத்தாது" என்று வணிகர் சொல்லும்போதெல்லாம் சான்று எங்கே என்று கேட்க வேண்டும் என்பதை இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். கஞ்சாவுக்கும் அடிமையாக முடியும். அதைப் பயன்படுத்துகிறவர்களில் பத்தில் மூவருக்கு ஏதோ ஒரு நிலையில் பயன்பாட்டுக் கோளாறு (தீங்கு தெரிந்தும் விட முடியாத நிலை) இருக்கலாம் என்று சி.டி.சி. கூறுகிறது.

சான்று என்ன சொல்கிறது? நாள்பட்ட வலிக்குக் கஞ்சா பயன் தரும் என்பதற்குக் கணிசமான ஆதாரம் இருப்பதாக அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் 2017-இல் வெளியிட்ட அறிக்கை ஏற்றுக்கொள்கிறது. எனவே அத்தானின் எதிர்பார்ப்பு வெறும் மூடநம்பிக்கை அன்று. ஆனால் வலியைக் குறைப்பது வேறு, ஓபியாய்டு பிடியிலிருந்து விடுவிப்பது வேறு. மருத்துவக் கஞ்சாச் சட்டம் உள்ள மாநிலங்களில் 1999 முதல் 2010 வரை ஓபியாய்டு மிகை அளவால் நேர்ந்த இறப்பு வீதம் ஏறக்குறைய 25 விழுக்காடு குறைவாக இருந்தது என்று 2014-இல் வெளியான ஆய்வு பெரும் நம்பிக்கையை ஊட்டியது. அதே முறையில் 2017 வரையிலான ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்த 2019-ஆம் ஆண்டு ஆய்வில் அந்தத் தொடர்பு தலைகீழாகி, ஏறக்குறைய 23 விழுக்காடு அதிகம் என்று வந்தது. கஞ்சா இறப்பைக் கூட்டியது என்று இதற்குப் பொருளில்லை. மாநிலங்களை ஒப்பிட்டுத் தனி மனிதருக்கு மருந்து எழுத முடியாது என்பதே பொருள். ஆஸ்திரேலியாவில் ஓபியாய்டு எடுத்துக்கொண்டிருந்த 1,500-க்கும் மேற்பட்ட வலி நோயாளிகளை நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்விலும், கஞ்சா பயன்படுத்தியதால் ஓபியாய்டு குறைந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

அத்தானுக்கு நேர்ந்ததும் ஏறத்தாழ இதுவே. இரவில் பாதி மிட்டாய் சாப்பிட்டபோது தூக்கம் மேம்பட்டது; வலி இருந்த இடத்திலேயே இருந்தாலும் அதன் கூர்மை மழுங்கியதாகச் சொன்னார். மாத்திரையைத் தவறவிட்ட நாளிலோ கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சு, வயிற்றுப்போக்கு, கால்களை ஓரிடத்தில் வைக்க முடியாத தவிப்பு என எல்லாம் வழக்கம்போலவே வந்தன. கஞ்சா வேலை செய்யும் ஏற்பிகள் (உடலில் மருந்து பற்றிக்கொள்ளும் இடங்கள்) வேறு, ஓபியாய்டு ஏற்பிகள் வேறு என்பதால் ஒன்றின் வெற்றிடத்தை மற்றொன்று நிரப்புவதில்லை. இரண்டும் சேர்ந்த இரவுகளுக்குப் பிந்தைய காலைகளில் தலைசுற்றல் இருந்தது. குளியலறைக்குச் செல்லும்போது அக்கா கூடவே நடக்க வேண்டியிருந்தது. வயதானவர்கள் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வது இப்படித்தான்.

மருந்தகத்தோடு ஒப்பிட்டால் கடையின் குறை இன்னும் தெளிவாகத் தெரியும். ஓபியாய்டு வாங்கும்போது அந்த விவரம் மாநிலக் கண்காணிப்புப் பதிவேட்டில் ஏறுகிறது; ஆபத்தான கூட்டு இருந்தால் மருந்தாளுநர் தடுத்துக் கேட்க முடியும். கஞ்சாக் கடையின் ரசீது அந்தப் பதிவேட்டுக்குச் செல்வதில்லை. கஞ்சாவின் போதை தராத வேதிப்பொருளான சி.பி.டி. கலந்த பொருள்கள் வார்ஃபரின் போன்ற இரத்த உறைதடுப்பு மருந்தின் வீரியத்தைக் கூட்டக்கூடும் என்பதைக்கூட நாமேதான் அறிந்திருக்க வேண்டும். மேலும், பல வலிச் சிகிச்சை மையங்கள் நோயாளியிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கிச் சிறுநீர்ப் பரிசோதனை செய்கின்றன. அதில் கஞ்சா தென்பட்டால் மாத்திரையை நிறுத்திவிடும் மையங்களும் உண்டு. திடீரென நிறுத்துவது நோயாளிக்குத் தீங்கு என்று சி.டி.சி.யின் 2022-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் எச்சரித்தும் இது நடக்கிறது. ஆகவே மருத்துவரிடம் மறைத்துவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள்.

கொலராடோவிலேயே இதைவிட நல்ல வழி இருக்கிறது. ஓபியாய்டு எழுதிக் கொடுக்கத் தகுந்த எந்த நோய்க்கும் அதற்கு மாற்றாக மருத்துவக் கஞ்சாவைப் பரிந்துரைக்க 2019-இல் அம்மாநிலம் சட்டம் இயற்றியது. அந்த வழியில் போனால் குறைந்தபட்சம் ஒரு மருத்துவர் நம்மை உட்காரவைத்துப் பேசுவார். கனெக்டிகட் மாநிலம் தன் மருத்துவக் கஞ்சாத் திட்டத்தில் மருந்தாளுநர்களைக் கடையிலேயே அமர்த்தியது. டென்வர் கடைகளிலும், வாரத்தில் சில மணி நேரமேனும், ஒரு மருந்தாளுநர் இருந்தால் என் குறையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

கடை என்ற அளவில் ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன். வலி மருத்துவம் என்ற அளவில் ஒன்றுக்கு மேல் தர மனம் வரவில்லை. ஓபியாய்டு எடுக்காத, தன் மருத்துவரிடம் பேசிவிட்ட, குடியேற்றச் சிக்கல் இல்லாத ஒருவர் நாள்பட்ட வலிக்காகச் சிறு அளவில் முயன்று பார்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. மாத்திரையை விட முடியாதவர் முதலில் போக வேண்டிய இடம் வேறு. புப்ரனார்ஃபின், மெத்தடோன் ஆகிய இரண்டும் ஓபியாய்டு அடிமைத்தனத்துக்குப் பல்லாண்டுச் சான்றுள்ள சிகிச்சைகள். புப்ரனார்ஃபின் எழுத மருத்துவர்களுக்குத் தேவைப்பட்ட தனி அனுமதியும் 2022 இறுதியில் நீக்கப்பட்டதால், குடும்ப மருத்துவரிடமே கேட்கலாம். அத்தான் இப்போது அந்தச் சிகிச்சையில் இருக்கிறார். மிட்டாய்ப் பொட்டலம் மருத்துவருக்குத் தெரிந்தே, பூட்டிய பெட்டியில் இருக்கிறது.

வீட்டில் ஓபியாய்டு மாத்திரை இருக்கும் ஒவ்வொருவரும் நலோக்சோன் மூக்குத் தெளிப்பானை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மிகை அளவால் மூச்சு அடங்கிப்போகும்போது உயிரை மீட்கும் மருந்து அது. 2023 முதல் அமெரிக்காவில் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. அதைப் பயன்படுத்தினாலும் 911-ஐ அழைக்க வேண்டும், ஏனென்றால் அதன் வீரியம் ஓபியாய்டின் வீரியத்துக்கு முன்பே தீர்ந்துபோகலாம்.