எங்கே அடக்கம் செய்வது: பெரியவர்களா, நீதிமன்றமா?

பெரியப்பா இறந்த அன்று இரவே சண்டை தொடங்கிவிட்டது. முப்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்த இடத்திலேயே அடக்கம் செய்ய வேண்டும் என்றார் பெரியம்மா. பெரியப்பாவுடைய அப்பாவின் சமாதிக்குப் பக்கத்தில்தான் என்றார்கள் பங்காளிகள். பெரியம்மாவின் தம்பி வக்கீலுக்குப் போன் போட்டுவிட்டார். கோர்ட் வேண்டாம், பெரியவர்களை உட்கார வைப்போம் என்று தடுத்தவர்களில் நானும் ஒருவன். ஆக, நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பதில் ரகசியம் இல்லை.

செலவு, அலைச்சல், நாலு பேர் வாயில் விழுவது எல்லாம் தெரிந்த கதை. எனக்கு முக்கியம் ஒன்றுதான்: நாள். நிலத் தகராறு பத்து வருஷம் கிடக்கும், பிரேதம் கிடக்காது.

கென்யாவில் லுவோ இனத்தைச் சேர்ந்த வழக்கறிஞர் எஸ்.எம். ஒட்டியெனோ 1986 டிசம்பர் 20 அன்று இறந்தார். கிகுயு இனத்தவரான மனைவி வாம்புய், நைரோபிக்கு அருகே தங்கள் நிலத்தில் புதைக்க விரும்பினார். ஒட்டியெனோ பிறந்த உமிரா காகெர் குலத்தாரோ பூர்விக மண்ணான ந்யால்குங்காவுக்கு உடலைக் கேட்டார்கள். உயர் நீதிமன்றம், மேல்முறையீடு என்று இழுத்தது. லுவோ வழக்கம் என்ன என்று விளக்க மெய்யியல் பேராசிரியர் ஒடேரா ஒருகா வரை கூண்டேறினார். 1987 மே 23 அன்றுதான் ந்யால்குங்காவில் அடக்கம். நடுவில் 154 நாள். இத்தனைக்கும் நீதிமன்றம் கடைசியில் கையில் எடுத்தது லுவோ வழக்கத்தைத்தான். குலத்தார் முதல் நாளே சொன்ன பதில் அது.

எங்கள் வீட்டில் விடியும்வரை பேசினார்கள். பெரியவர்களால் பங்கு பிரிக்க முடிந்தது: புதைப்பது பங்காளிகள் கேட்ட இடத்தில், வருஷா வருஷம் நினைவு நாள் பெரியம்மா வீட்டில். நீதிபதியால் இப்படிச் செய்வது கஷ்டம். உடலை யாராவது ஒருவரிடம்தான் கொடுத்தாக வேண்டும். மறுநாள் மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது.

சரி, இனி சங்கடமான பகுதி. அந்த இரவில் உட்கார்ந்த ஐந்து பேரும் பங்காளிகள். பெரியம்மா உள்ளறையில் இருந்தார். முடிவான பிறகுதான் அவரிடம் சொன்னோம். வாம்புய் தோற்றார், ஆனாலும் தன் தரப்பை வக்கீல் வைத்துச் சொல்ல அவருக்கு ஓர் இடம் இருந்தது. கோர்ட்டை நான் வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறேன், அதனால் அங்கே போயிருந்தால் பெரியம்மாவுக்கு நியாயம் கிடைத்திருக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

கோர்ட்டுக்குப் போவதென்றால் உடல் நகர்வதற்கு முன் போக வேண்டும். 2007இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் இறந்த, அந்நாட்டுப் பூர்வகுடியான மாவோரி இனத்து மனிதர் ஒருவரின் உடலை, உறவினர்கள் எடுத்துப்போய்த் தங்கள் மண்ணில் புதைத்துவிட்டார்கள். அவருடன் வாழ்ந்த துணைவியே உயிலை நிறைவேற்றுபவர். முடிவெடுக்கும் உரிமை அவருக்குத்தான், மாவோரி வழக்கத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2012 டிசம்பரில். அதற்குள் உடல் மண்ணுக்குள் போய் ஐந்து வருஷம் ஆகியிருந்தது.

உட்காரும் பெரியவர்கள் எல்லோரும் ஒரே பக்கத்து ஆட்கள் என்றால், இனி நானே வக்கீலுக்குப் போன் போடுவேன். அதுவும் அன்று இரவே, ஓர் இடைக்காலத் தடைக்காக.