ஜி நிப்: 28 வருடப் பழக்கம், நேற்று ராத்திரிக் கோபம்

நண்பர் கேட்டிருந்தார்: "என் பொண்ணு நாள் முழுக்கக் கார்ட்டூன் வரைஞ்சுக்கிட்டே இருக்கா. நீங்க இங்க்கைத் தொட்டுத் தொட்டு வரையிறீங்களே, அந்த ஜி நிப்பையே வாங்கிக் கொடுத்துடட்டுமா?"

வேறு நாளாக இருந்தால் உடனே சரி என்றிருப்பேன். நேற்று ராத்திரி மூன்று கட்டம் முடித்துவிட்டு, நாலாவதில் கிழவியின் புருவத்தை இழுக்கும்போது நிப்பின் பிளவில் காகித நார் ஒன்று மாட்டியது. இங்க் தெறித்து முகம் முழுக்கப் புள்ளி. இன்னும் ஆறவில்லை எனக்கு.

எட்டு வயதில் அப்பாவின் மைப்பேனாவை எடுத்து யானை வரைவேன். வாலுக்கு லேசாக, வயிற்றுக்கு ஊன்றி அழுத்தி. ஒருநாள் நிப் வாயைப் பிளந்துகொண்டது. "அழுத்தாதேன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று அப்பா சத்தம் போட்டது இன்னும் காதில் இருக்கிறது. பல வருடம் கழித்து ஜி நிப்பை முதன்முதலில் காகிதத்தில் வைத்தேன். அழுத்தினால் இரண்டு கால்களும் விரிந்து கோடு தடிக்கிறது. கையை எடுத்தால் சேர்ந்துகொண்டு மயிரிழையாகிறது. எதற்காகத் திட்டு வாங்கினேனோ, அதற்கென்றே செய்த பொருள்! தொப்பையின் கனத்தை நிழல் போடாமல் ஒரே கோட்டில் சொல்லலாம் என்று அன்றுதான் புரிந்தது. நான் கார்ட்டூனிலேயே தங்கிவிட்டது அந்தக் கோட்டுக்காகத்தான்.

சரி, தொல்லைக்கு வருகிறேன். கீழே இழுத்தால் வழுக்கிக்கொண்டு போகும். மேலே தள்ளினால் குத்தும். ஒரு வட்டம் போடக் காகிதத்தைத்தான் சுற்ற வேண்டும். புது நிப்பில் துரு பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள், அதைக் கழுவாவிட்டால் இங்க் முத்து முத்தாக உருண்டு ஓடும். தீயில் காட்டினால் போதும் என்பார்கள். அப்படிக் காட்டி ஸ்பிரிங் தன்மை போய்ச் செத்த நிப்புகள் என்னிடம் உண்டு. சோப்புத் தண்ணீரே நல்லது. ஷெல்லாக் என்ற அரக்குப் பிசின் கலந்த இந்தியன் இங்க் பிளவுக்குள் அரக்காக இறுகிவிடும், அதனால் ஈரத்துணி எப்போதும் பக்கத்தில் வேண்டும். நேற்றைய பழியில் பாதி காகிதத்துக்குப் போக வேண்டும், வழவழப்பான அட்டை தீர்ந்து கிடைத்ததில் வரைந்தேன். ஆனால் நல்ல அட்டையிலும் இது நடந்திருக்கிறது.

'பீனட்ஸ்' காமிக்ஸ் வரைந்த சார்லஸ் ஷுல்ஸ், தன் எஸ்டர்புரூக் 914 நிப்பைச் செய்த கம்பெனி மூடப்போகிறது என்றதும் மிச்சமிருந்ததை மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டார். வேறொன்றுக்குக் கையைப் பழக்குவது எவ்வளவு பெரிய பாடு என்று நிப் பிடித்தவர்களுக்குத் தெரியும்.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம், தேய்ந்த நிப். முனை மழுங்கியதும் மயிரிழை வராது. குண்டாக, மெத்தென்று ஒரு கோடு வரும். தெருநாய்க்கும் மேகத்துக்கும் அதுதான். தூக்கிப் போடாமல் ஒரு தகர டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறேன்.

கேட்ட நண்பருக்கு: வாங்காதீர்கள். வேகமாக வரைந்து தள்ளுகிற வயது, இது நிதானம் கேட்கும். பிரஷ் பேனா போதும்.

ஒன்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். பென்சிலை ஊன்றி ஊன்றி முனையை உடைக்கிறாளா? உடைக்கிறாள் என்றால் என் டப்பாவிலிருந்து ஒன்றும், எண்ணெய் கழுவிய புதுசு ஒன்றும் நானே கொண்டுவந்து தருகிறேன்.