செயலாளரா, நிகழ்ச்சிப் பொறுப்பாளரா?

பல்கலைக்கழக அரசியல் மன்றத்தில் இரண்டு பொறுப்புகள் காலி. எதற்கு மனு போடலாம் என்று ஜூனியர்கள் கேட்கிறார்கள்.

செயலாளர் பதவிக்குப் பெயர் பெரிது. வேலை என்னவோ கூட்டக் குறிப்பு எழுதுவதும், அனுமதிக் கடிதத்தோடு துறைத்தலைவர் அறை வாசலில் நிற்பதும்தான். பொறுமை இருந்தால் போதும்.

நிகழ்ச்சிப் பொறுப்பில் அலைச்சல் அதிகம், ஆனால் சுவையே அங்கேதான். ஜூலை 10 வருகிறது. 1806-இல் வேலூர்க் கோட்டைக்குள் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்த நாள். ஆங்கிலேயர் கட்டாயமாக்கிய புதுத் தலைப்பாகை மட்டும்தான் கோபத்துக்குக் காரணமா, திப்புவின் பிள்ளைகள் கோட்டையில் இருந்ததுமா? இதை வைத்தே ஒரு பட்டிமன்றம் நடத்தலாம். அப்புறம் நவம்பர் 26, அரசியலமைப்பு நாளுக்கு மாதிரி சட்டமன்றம். என்னைக் கேட்டால், 2019-இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்ததையே தீர்மானமாக வைப்பேன். அதில் வேறு வேறு மாவட்டமாகிப்போன ஆம்பூர்க்காரரும் ஆற்காட்டுக்காரரும் ஒரே பெஞ்சில் இருக்கிறார்கள், சண்டைக்குப் பஞ்சமிருக்காது.

இறுதியாண்டு என்றால் செயலாளருக்கே போடுங்கள். புராஜெக்ட் நேரத்தில் ஓட முடியாது. மற்றவர்கள், அதிலும் மைக்செட்காரரிடம் பேரம் பேசத் தெரிந்தவர்கள், யோசிக்காமல் இரண்டாவதற்கு வரலாம். சாப்பாட்டுக் கணக்கை மட்டும் அன்றன்றே எழுதிவிடுங்கள்.