"அமிலக் கலவை" மூடை: மட்டக்களப்பில் பூச்சாடி வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

கல்லடிப் பக்கம் கார்டினியா, எக்ஸோரா எல்லாம் சாடியில் வளர்ப்பவர்கள் பசளை வாங்கு முன் இதை வாசியுங்கள். "அமில மண் விரும்பும் பூமரங்களுக்கான விசேட கலவை" என்று லேபிள் ஒட்டிய மூடையை ஒரு வியாபாரி வீடு வீடாகக் கொண்டுவந்து விற்கிறார். சாதாரண கூட்டெருவைவிட இரண்டு மடங்கு விலை. நானும் வாங்கினேன். மலைநாட்டிலிருந்து ஆசையாக எடுப்பித்த கார்டினியாக்கள் இப்போது மொட்டெல்லாம் உதிர்ந்து நிற்கின்றன.

முதலில் கொழுந்தில்தான் தெரிந்தது. புதிய இலைகள் வெளிறி மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக ஓடியது. பழைய இலைகளுக்கு ஒன்றுமில்லை. இது இரும்புச்சத்துக் குறைபாட்டின் அடையாளம். மண்ணில் இரும்பு இருந்தாலும் பிஎச் அளவு (அமிலமா காரமா என்று காட்டும் எண்; 7க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 7ஐத் தாண்டினால் அது கரையாமல் கட்டிக்கொள்ளும், வேருக்குக் கிடைக்காது. இந்தச் செடிகளுக்கு 5 முதல் 6 வரை இருந்தால்தான் சுகம்.

வியாபாரியிடம் கேட்டேன். "அக்கா, உங்கட கிணத்துத் தண்ணிதான் பிழை. பசளையில ஒரு குறையும் இல்ல" என்றார். கரையோரக் கிணறுகளில் பிஎச்சை ஏற்றிவிடும் சுண்ணாம்புத் தண்ணீர் இருக்கலாம், சரி. ஆனால் அதே தண்ணீரைக் குடிக்கும் என் பழைய எக்ஸோரா, பழைய மண்ணில் பச்சைப் பசேலென்று பூத்துக் குலுங்குகிறதே? அதற்கு அவரிடம் பதில் இல்லை.

மிச்சக் கலவையை ஒரு வெள்ளைத் தட்டில் பரப்பினேன். கறுத்த தூளுக்குள் உமியின் வடிவம் குலையாத சாம்பல் சருகுகள். அம்பாறைப் பக்க அரிசி ஆலைகளில் மலையாய்க் குவியும் உமிச்சாம்பல்தான். கறுப்பாக இருந்தால் நல்ல பசளை என்று நம்மவர்கள் நம்புவது இவர்களுக்கு எவ்வளவு வசதி! கூடவே வெள்ளைத் துணுக்குகள், கடற்கரை மணலில் கிடக்கும் சிப்பி ஓடு. வினாகிரி சில துளி விட்டதும் நுரைத்துப் பொங்கியது. சுண்ணாம்பு இருப்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். கலவையைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, துணியில் வடித்து, பிஎச் தாளை நனைத்துப் பார்த்தேன். 8ஐ ஒட்டி நின்றது. 6க்கும் 8க்கும் இடையில் அமிலத்தன்மை நூறு மடங்கு குறைகிறது. அமிலக் கலவை என்று பேர் வைத்து இதை விற்க எப்படித்தான் மனம் வந்ததோ.

கந்தகத்தூள் போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை அமிலமாக்க வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் சிப்பித்துணுக்குகள் அந்த அமிலத்தைத் தின்றுகொண்டே இருக்கும். பழைய கலவையை வேரிலிருந்து மெதுவாக உதிர்த்துவிட்டு மாற்றி நடுங்கள். நான் இப்போது பாதிக்கு மேல் தும்புத்தூள், மட்கிய இலைக்குப்பை, கொஞ்சம் ஆற்று மணல் என்று பாவிக்கிறேன். தும்புத்தூளில் உப்பு இருக்கலாம், நல்ல தண்ணீரில் பலமுறை அலசிவிட வேண்டும். மாரியில் பிடிக்கும் மழைநீரை இந்தச் சாடிகளுக்கென்று ஒதுக்கி வையுங்கள். சந்தேகம் இருந்தால் விவசாயத் திணைக்களத்தின் 1920க்கு அழைத்துக் கேட்கலாம்.

வியாபாரி காசைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். பற்றுச்சீட்டையும் மூடையையும் வைத்துக்கொண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிட்டிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் அந்த மூடை இருந்தால் லேபிளைக் கிழிக்காமல் வைத்து, நீங்களும் முறையிடுங்கள்.