சிடியைத் திருப்பிக் கையில் கொடுக்கும் லினக்ஸ் எது?

சிடியிலிருந்தே லினக்ஸை ஓட்டும்போது அக்காவின் லேப்டாப்பில் மெனுவைத் திறந்தால் முதலில் கேட்பது சிடி டிரைவின் சத்தம். தட்டு உறுமிச் சுழலும், உள்ளே லென்ஸ் இங்குமங்கும் நகரும். ஐந்து வினாடி கழித்துத்தான் மெனு விரியும். ஒன்றும் செய்யாமல் ஒரு நிமிடம் விட்டால் தட்டு நின்றுவிடும். அடுத்த கிளிக்குக்கு மறுபடி முதலிலிருந்து உறுமல். மூன்று வாரம் ஏழு சிஸ்டங்களை அந்த டிரைவில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததில், வேகமும் அழகும் அப்புறம் பேச வேண்டியவை என்று எனக்குப் புரிந்தது. பூட் ஆனதும் சிடியை விட்டுவிடுகிறதா, கடைசிவரை பிடித்துக்கொண்டே இருக்கிறதா? சிடியில் ஓடும் லினக்ஸைத் தேர்ந்தெடுக்க இந்த ஒரு கேள்வியே போதும்.

மெஷினைச் சொல்லிவிடுகிறேன். பென்டியம் எம் பிராசசர், 512 எம்பி ராம். மெஷினை எழுப்பும் பயாஸில் யுஎஸ்பியிலிருந்து பூட் செய்யும் வசதியே கிடையாது. அக்கா ஆய்வேடு எழுதிய லேப்டாப், அந்தக் கீபோர்டு அவள் கைக்குப் பழகியது. ஹார்ட் டிஸ்க் டிக் டிக்கென்று அடிக்க ஆரம்பித்ததும், "புதுசு வேண்டாம்டா, எனக்கு இதுல டைப் பண்ண முடிஞ்சா போதும்" என்றாள். அந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனையும்.

சிஸ்டங்களுக்குப் போகுமுன் தட்டைப் பற்றிப் பேச வேண்டும். என் முதல் வாரம் முழுக்க அதில்தான் போனது. லினக்ஸ் பூட் ஆகவில்லை என்றதும் எல்லோரும் டிஸ்ட்ரோவை, அதாவது லினக்ஸின் வகையை, மாற்றுவார்கள். நானும் அப்படித்தான் மூன்றை மாற்றினேன். மூன்றிலும் ஒரே மாதிரி, பாதி வழியில் சிடி டிரைவைக் குறிக்கும் எஸ்ஆர்0 என்ற பெயரோடு, படிக்க முடியவில்லை என்று சொல்லும் பஃபர் ஐ/ஓ எரர் வரிகள் திரையை நிரப்பின, கூடவே ஸ்குவாஷ்எஃப்எஸ் எரர். மூன்று வெவ்வேறு சிஸ்டம் ஒரே இடத்தில் விழுந்தால் குற்றம் சிஸ்டத்தில் இல்லை.

ஸ்குவாஷ்எஃப்எஸ் என்பது முழு சிஸ்டத்தையும் அழுத்திச் சுருக்கி ஒரே கோப்பாக வைக்கும் முறை. வழக்கமாக 128 கேபி துண்டுகளாகப் பிரித்துத்தான் சுருக்குவார்கள். சிடியின் ஒரு செக்டார் வெறும் 2 கேபி. அந்த 2 கேபியைப் படிக்க முடியாமல் போனால் 128 கேபி துண்டு மொத்தமும் விரியாது. பாட்டு சிடியில் ஒரு கீறல் இருந்தால் ஒரு நொடி இடறிவிட்டுப் பாட்டு தொடரும். நிறுவாமல் சிடியிலிருந்தே ஓடும் லைவ் சிடியில் அதே கீறல் ஒரு புரோகிராமையே காணாமல் ஆக்கிவிடும்.

என் தட்டுகள் 48 மடங்கு வேகத்தில் எழுதப்பட்டவை. புது டிரைவ் சிரமமில்லாமல் படித்தது, பழைய டிரைவின் களைத்த லேசர் திணறியது. அதே ஐஎஸ்ஓவை, அதாவது சிடியில் எழுத வேண்டிய சிஸ்டம் கோப்பை, 8 மடங்கு வேகத்தில், முழுத் தட்டையும் ஒரே மூச்சில் எழுதும் டிஸ்க்-அட்-ஒன்ஸ் முறையில் எழுதினேன். பிரச்சினை தீர்ந்தது. திரும்பத் திரும்ப எழுதும் ஆர்டபிள்யூ தட்டைச் சோதனைக்குக்கூடப் பயன்படுத்த வேண்டாம் என்பேன். அது ஒளியைத் திருப்பி அனுப்புவது சாதாரண ஆர் தட்டைவிட ரொம்பக் குறைவு, வயதான டிரைவுக்கு அது கண்ணில் படாமலே போகலாம்.

எழுதிய தட்டைச் சரிபார்க்கும் முறையிலும் நான் ஒருமுறை ஏமாந்தேன். டிடி கட்டளையால் தட்டை முழுக்கப் படித்து, கோப்பின் கைரேகை போன்ற எம்டி5 எண்ணை எடுத்தால் சில சமயம் ஐஎஸ்ஓவின் எம்டி5-ஓடு ஒத்துப்போகாது. தட்டு நன்றாகத்தான் இருக்கும். ஒவ்வொரு டிராக்காக எழுதும் டிராக்-அட்-ஒன்ஸ் முறையில் எழுதிய தட்டின் கடைசியில் ஓரிரு வெற்று செக்டார்கள் கூடுதலாக இருக்கும், அவற்றைப் படிக்கப் போய்த்தான் தப்பு வருகிறது. ஐஎஸ்ஓவின் பைட் அளவை 2048 ஆல் வகுத்து, வரும் எண்ணைக் கவுன்ட்டாகக் கொடுத்து அவ்வளவு செக்டார்களை மட்டும் படிக்கச் சொல்லுங்கள். இந்த ஒரு வகுத்தல் தெரியாமல் நல்ல தட்டுகள் நான்கைக் குப்பையில் போட்டேன்.

இரண்டாவது தடை அந்தச் சாகும் ஹார்ட் டிஸ்க். எந்த லைவ் சிஸ்டமும் பூட் ஆகும்போது உள்ளிருக்கும் டிஸ்க்குகளைத் தட்டிப் பார்க்கும். பதில் வராவிட்டால் காத்திருக்கும், மறுபடி தட்டும். இப்படியே சில நிமிடங்கள் கரையும், நாம் சிடி மெதுவாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம். இரண்டு திருகைக் கழற்றி டிஸ்க்கை வெளியே எடுத்தேன். அதற்கு முன் நாப்பிக்ஸ் என்ற லினக்ஸ் சிடியைப் போட்டு, டிடிரெஸ்க்யூ என்ற மீட்புக் கருவியை வைத்து அக்காவின் கோப்புகளை வெளி டிஸ்க்குக்கு இறக்கிவிட்டேன்.

மூன்றாவது தடைக்குப் பெயர் பி.ஏ.இ., 4 ஜிபிக்கு மேல் ராமைக் கையாள உதவும் பிராசசர் வசதி. அந்தக் காலத்து பென்டியம் எம் சிலவற்றில் பி.ஏ.இ. வசதி உண்டு, ஆனால் இருக்கிறது என்று பிராசசர் வெளியே சொல்லாது. சிஸ்டத்தின் மையமான கர்னல் கேட்கும், இல்லை என்று பதில் வரும், பூட் ஒரே வரியோடு நின்றுவிடும். சில சிஸ்டங்களில் பூட் ஆகுமுன் நாம் தட்டச்சிடும் பூட் வரியில் ஃபோர்ஸ்பிஏஇ என்று சேர்த்தால் தாண்டிவிடலாம். பி.ஏ.இ. தேவைப்படாத கர்னல் உள்ள பதிப்பையே எடுப்பது இன்னும் சுலபம். திரை கறுத்துப்போனால் அதே வரியில் நோமோட்செட் என்று சேர்க்கலாம். இதற்குமேல் இந்தப் பகுதியில் சொல்ல ஒன்றுமில்லை.

இனி சிஸ்டங்கள்.

நாப்பிக்ஸ் மேல் எனக்கு மரியாதை அதிகம். கிளவுஸ் நாப்பர் 2000இல் வெளியிட்டது, லைவ் சிடி என்ற எண்ணத்தையே உலகமெங்கும் கொண்டுபோனது. வன்பொருளை அது அடையாளம் காணும் விதம் இன்றைக்கும் நேர்த்தி. ஆனால் சிடி முழுக்க நிரம்பிய சிஸ்டம் அது. டூராம் என்று கொடுத்தால் தட்டு மொத்தத்தையும் மெமரிக்கு ஏற்றப் பார்க்கும், 512 எம்பியில் அது நடக்காது. ஆகவே கடைசிவரை சிடி உள்ளேயேதான், உறுமலும் கூடவே. மீட்பு வேலைக்கு முதல் தேர்வு இதுதான். தினமும் உட்கார்ந்து எழுத அல்ல.

டாம் ஸ்மால் லினக்ஸின் பழைய பதிப்பு 50 எம்பி. 486 பிராசசரிலும் 16 எம்பி ராமிலும் ஓடுவதற்காகச் செதுக்கப்பட்டது. டூராம் கொடுத்தால் கண் மூடித் திறப்பதற்குள் சிடி விடுதலை. என் மெஷினில் அது ஓடிய வேகத்தைப் பார்த்து மனம் நிறைந்தது. ஆனால் கர்னல் 2.4 வரிசை, பிரௌசர்கள் அந்தக் காலத்தவை. இன்றைய பாதுகாப்பு நெறிகளை அவற்றால் பேச முடியாது, அதனால் பெரும்பாலான தளங்கள் கதவையே திறப்பதில்லை. நெட் இல்லாத மெஷினுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். 2024இல் அதே பெயரில் புது வடிவம் வந்தது. அது ஆன்டிஎக்ஸ் என்ற இன்னொரு லினக்ஸின் மேல் கட்டியது, ஒரு சிடிக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக 700 எம்பி எல்லை வைத்திருக்கிறார்கள். சாளரங்களைக் கையாள ஃப்ளக்ஸ்பாக்ஸும் ஜேடபிள்யூஎம்மும் உண்டு, டில்லோ பிரௌசர் உண்டு. 1 ஜிபிக்கு மேல் ராம் இருந்தால் தயங்காமல் இதை எடுங்கள். என் 512இல் இதுவும் சிடியை விடவில்லை.

ஆன்டிஎக்ஸின் முழுப் பதிப்பு இப்போது சிடியில் அடங்காது, டிவிடியோ பென்டிரைவோ வேண்டும். பூட்டையும் சேவைகளையும் கவனிக்கும் சிஸ்டம்டி இல்லாமல், ஐஸ்டபிள்யூஎம் என்ற இலகுவான சாளர மேலாளரோடு இவ்வளவு அக்கறையாகச் செய்த சிஸ்டம் வேறு அரிது. நல்ல ஹார்ட் டிஸ்க் இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் நிறுவியிருப்பேன். ஸ்லாக்ஸ் என்ற லினக்ஸும் அழகுதான், இந்த அளவு மெமரிக்கு அது ஏற்றதல்ல.

ஸ்லிடாஸ் 4.0 என்னை வியக்கவைத்தது. 2012இல் வந்தது, அளவு சுமார் 35 எம்பி. முழு சிஸ்டமும் சுருக்கப்பட்ட வடிவில் பூட்டின்போதே மெமரிக்குள் இறங்கிவிடும். தனியாக எந்தச் சொல்லும் கொடுக்க வேண்டாம். மெமரி குறைந்த மெஷின்களுக்காக லோராம் என்று தனி வகையும் வைத்திருக்கிறார்கள். டெஸ்க்டாப் வந்ததும் சிடியை எடுத்து உறையில் போட்டுவிடலாம். பழைய மென்பொருள் என்பது ஒன்றே அதன் குறை.

டைனி கோர் வேறு வகை. டாம் ஸ்மாலில் பெரும்பங்கு ஆற்றிய ராபர்ட் ஷிங்கிள்டெக்கர் தொடங்கியது. அதில் சிஸ்டம் என்று தருவதே ஒரு அடித்தளம்தான், மேலே என்ன வேண்டுமோ அதை டிசிஇசட் என்ற கோப்புத் துண்டுகளாக நாமே அடுக்க வேண்டும். டைனி கோருக்கு 46 எம்பி ராம் போதும். ஒயரில் நெட் வந்தால் உடனே ஓடும். வைஃபை வேண்டுமென்றால் கோர் பிளஸ் என்ற பதிப்பை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வைஃபைக்கான துண்டை இறக்கவே நெட் தேவைப்படும். நம் கோப்புகளை மைடேட்டா என்ற ஒரே பொதியில் கட்டி வைக்கும், எதையெல்லாம் கட்ட வேண்டும் என்ற பட்டியல் நம் கையில். எனக்கு இந்த ஒழுங்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் மெஷினை நிறுத்தும்போது பேக்கப் தேர்வை விட்டுவிட்டால் அன்றைய எழுத்து போச்சு. அக்காவிடம் இதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் நின்றது பப்பி. பாரி காலர் 2003இல் தொடங்கியது. நான் எடுத்தது தார்பப்பி 6.0.5, பி.ஏ.இ. இல்லாத பதிப்பு, சுமார் 200 எம்பி. பூட் வரியில் பப்பி பிஃபிக்ஸ்=காப்பி என்று கொடுத்தால் சிஸ்டம் கோப்பை மெமரிக்கு நகலெடுக்கும். சிடியின் ஒரு மடங்கு வேகம் வினாடிக்கு 150 கேபி. 24 மடங்கு என்று எழுதியிருந்தாலும் தட்டின் உள்பக்கத்தில் அதில் பாதிகூட வராது. எனக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆனது. அந்த இரண்டு நிமிடமும் டிரைவ் ஒரே சீராக ஓடுகிறது, முன்போலத் தடுமாறவில்லை. பிறகு நின்றுவிடுகிறது. பட்டனை அழுத்தினால் தட்டு வெளியே வருகிறது. அதன்பின் எழுதும் மென்பொருளான அபிவேர்ட் இரண்டு மூச்சில் திறக்கிறது. அறையில் சத்தமே இல்லை.

சேமிப்பும் பப்பியில்தான் எனக்கு நிம்மதி. முதல்முறை நிறுத்தும்போதே எங்கே சேமிக்கட்டும் என்று அதுவே கேட்கும். பென்டிரைவைக் காட்டினேன். பயாஸால் பென்டிரைவிலிருந்து பூட் செய்யத்தான் முடியாது, பூட் ஆன லினக்ஸுக்கு அதைப் படிப்பதில் ஒரு தடையும் இல்லை. சிடி எழுப்பிவிடுகிறது, பென்டிரைவ் நினைவில் வைத்துக்கொள்கிறது. ஏதாவது கெட்டுப்போனால் பிஃபிக்ஸ்=ராம் கொடுத்துச் சேமித்த கோப்பைத் தொடாமல் எழலாம். தமிழ் எழுத்துகள் முதலில் கட்டங்கட்டமாகத் தெரிந்தன. ஒரு யூனிகோட் எழுத்துருவை ஃபான்ட்ஸ் கோப்புறையில் போட்டதும் சரியானது, அதுவும் பென்டிரைவில் சேர்ந்து நிலைத்துவிட்டது.

பப்பியிடம் எனக்கு உள்ள ஒரே மனக்குறை, எல்லாமே ரூட்டாக, அதாவது முழு அதிகாரமுள்ள பயனராக, ஓடுவது. வங்கி வேலையை இதில் செய்யாதே என்று அக்காவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அடித்தளமான உபுண்டு 14.04 பழசு. 512 எம்பியில் இன்றைய கனமான தளங்களையும் எதிர்பார்க்கக் கூடாது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்த அன்று மாலை, ஒரு தளமும் திறக்கவில்லை. தளத்தை நம்பலாம் என்று காட்டும் சான்றிதழ் செல்லாது என்று வந்துகொண்டே இருந்தது. நெட்வொர்க்கை ஒரு மணி நேரம் குடைந்தேன். திரையின் மூலையில் கடிகாரம் 2004 ஜனவரி என்று காட்டிக்கொண்டிருந்தது. மதர்போர்டின் சின்ன பேட்டரி செத்துப்போய், ஒவ்வொரு முறை மின்சாரம் நின்றபோதும் தேதி பின்னுக்கு ஓடியிருக்கிறது. 2004இல் நிற்கும் மெஷினுக்கு இன்றைய சான்றிதழ் எல்லாம் இன்னும் பிறக்காதவை. தேதியைத் திருத்தினேன், எளிய தளங்கள் திறந்தன. பேட்டரியை அடுத்த நாள் மாற்றினேன்.

அதே ஐஎஸ்ஓவை 8 மடங்கு வேகத்தில் இன்னும் இரண்டு தட்டுகளில் எழுதி, சரிபார்த்து, லேப்டாப் பைக்குள் வைத்திருக்கிறேன். நேற்று அக்கா போன் செய்து, பூட் ஆனதும் சிடியை வெளியே எடுத்துவிடலாமா என்று கேட்டாள். எடுத்துவிடலாம்க்கா என்றேன்.