பத்து மடங்கு லென்ஸும் நான்கு வருஷமும்

இந்த லென்ஸை வாங்கி நான்கு வருஷம் ஆகிறது. 21 மி.மீ. கண்ணாடி, பத்து மடங்கு பெரிதாக்கும், மடித்தால் உலோக உறைக்குள் போய்விடும். மலைப்பூக்களின் பெயர் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் முதலில் இதைத்தான் வாங்க வேண்டும்.

நம் சிங்கப்பூரில் மிக உயரமான புக்கிட் தீமா குன்றின் உச்சியே 164 மீட்டர்தான் என்றாலும் பழகிக்கொள்ள இங்கே செண்டுடோக் செடி போதும். சிங்கப்பூர் ரோடோடென்ட்ரான் என்று ஒரு பெயரும் அதற்கு உண்டு, ஆனால் ரோடோடென்ட்ரான் குடும்பமே இல்லை. அந்த ஊதாப் பூவை லென்ஸில் பாருங்கள்: மகரந்தத்தாள்களில் குட்டையான மஞ்சள் ஒரு வகை, நீண்டு வளைந்த ஊதா இன்னொரு வகை. லென்ஸைக் கண்ணை ஒட்டி வைத்துக்கொண்டு பூவை நோக்கிக் குனிய வேண்டும். இந்தப் பழக்கம் வரவே எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

போன ஆகஸ்டில் உத்தராகண்டின் பூக்களின் பள்ளத்தாக்குக்குப் போனோம். கங்காரியாவில் தங்கி, காலையில் ஏறினோம். 3,000 மீட்டருக்கு மேலே புல்வெளி முழுக்க மஞ்சள் பூக்கள், எல்லாவற்றுக்கும் ஐந்து இதழ். நான் மேலிருந்து படம் எடுத்துக்கொண்டே போனேன். இரவு அறையில், படத்தைப் பார்த்துப் பூவின் பெயர் சொல்லும் கைபேசிச் செயலியிடம் காட்டினால் அத்தனைக்கும் பட்டர்கப் என்றே சொன்னது.

மறுநாள் என் மகள்தான் புல்லில் படுத்து, பூவைப் பறிக்காமல் அடிப்பக்கம் லென்ஸ் வைத்தாள். "அப்பா, இங்க பாருங்க, பச்சை இதழ் அஞ்சுக்கு வெளியே இன்னும் அஞ்சு சின்னதா இருக்கு!" அதுதான் பொட்டென்டில்லா, பட்டர்கப் போலவே தோன்றும் வேறொரு செடி. இலையும் ஸ்ட்ராபெரி இலை மாதிரி மூன்று பிரிவாக இருந்தது. பட்டர்கப்பில் அந்த இரண்டாவது வரிசை கிடையாது. அதன் இதழ் வார்னிஷ் அடித்தது போல மினுங்கும், இதழின் அடியில் தேன் சுரக்கும் சின்னச் செதில் இருக்கும். அன்றிலிருந்து பூவின் முகம், முதுகு, இலை, தண்டு என்று நான்கு படம் எடுக்கிறேன். செயலியும் இப்போது பெரும்பாலும் சரியாகச் சொல்கிறது.

குறை என்றால், மேகம் இறங்கினால் கண்ணாடியில் பனி படர்ந்துவிடும். அப்புறம் நம் ஊர் ஈரப்பதம். முதல் வருஷம் அலமாரியில் சும்மா போட்டதில் ஓரத்தில் பூஞ்சை பிடித்துவிட்டது. இப்போது சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான டப்பாவில் வைக்கிறேன்.

அடுத்த மார்ச்சில் மலேசியாவின் கினபாலு மலை. அங்கும் பட்டர்கப் உண்டு, மகள் இப்போதே லென்ஸைத் தன் பையில் எடுத்து வைத்துவிட்டாள்.